முளைச்சு மூணு இலை: இளமைச் சொற்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு வாசகர் "பிஞ்சிலே பழுத்தது" என்றால் என்ன என்று கேட்டிருந்தார். வெயிலின் சூட்டில் வெம்பி, முற்றாமலே பழுத்துவிடும் காயை வைத்து, வயதுக்கு மீறிப் பேசும் பிள்ளைகளைச் சொல்வது என்று நாலு வரியில் பதில் எழுதினேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே வகைக் கேள்விகள்: சின்ன வயதைச் சொல்லும் சொற்கள், விவரம் போதாததைச் சொல்லும் சொற்கள், இரண்டும் கலந்து நம்மைக் குழப்பும் சொற்கள். அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

"முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள பேச்சைப் பாரு" என்று அப்பா என்னை இன்றைக்கும் திட்டுகிறார். எனக்கு 24 வயது. இது எந்தச் செடியைப் பார்த்துச் சொன்னது? (ஒரு வாசகர், திருவாரூர்)

எந்தச் செடிக்கும் பொருந்தும்தான், ஆனால் உங்கள் ஊர்ப்பக்கத்து அப்பா சொன்னால் அது நெல் நாற்றாகத்தான் இருக்க வேண்டும். நெல் முளைத்து ஏறக்குறைய மூன்றாவது இலை விடும் வரைக்கும் விதைக்குள் இருக்கும் சத்தைத் தின்றுதான் வளர்கிறது. அதற்குப் பிறகுதான் வேரும் இலையும் சேர்ந்து தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும். ஆக மூணு இலை விடாதது என்றால் இன்னும் தாய் கொடுத்ததைத் தின்றுகொண்டிருப்பது. இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தா சொன்னார்கள்? நாற்றங்கால் ஓரம் நின்று பார்த்தவர்கள் சொன்னது, அவ்வளவு துல்லியமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் 25, 30 நாள் நாற்றைக் கொத்துக் கொத்தாக நட்டார்கள். திருந்திய நெல் சாகுபடி வந்த பிறகு 14 நாள் நாற்றை, அதாவது மூணு இலை விட்டதும் விடாததுமாக இருப்பதைப் பிடுங்கி, குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடச் சொல்கிறார்கள். இளசாக நட்டால்தான் வேர் சீக்கிரம் பிடித்து நிறையத் தூர் கட்டுகிறது. அப்பா வயல் வேலை தெரிந்தவராக இருந்தால் இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், 24 வயதில் உங்களைத் தனியாக நடலாமா என்பதைப் பற்றி இரண்டு பேரும் நன்றாகப் பேசலாம்.

அம்மா "சிறுபிள்ளைத்தனம்" என்கிறார், என் தோழிகள் "இம்மெச்சூர்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

ஒன்று இல்லை. அம்மா சொன்னது உங்களுக்குக் கொஞ்சம் இதமான சொல் என்று நினைக்கிறேன்.

சிறுபிள்ளைத்தனம் என்பது செய்த காரியத்தைத் திட்டுகிறது. இன்றைக்கு நடந்துகொண்ட விதம் சரியில்லை, நாளைக்கு மாற்றிக்கொள் என்று அதில் இடம் இருக்கிறது. "நீ இம்மெச்சூர்" என்று தோழி சொல்லும்போது ஆளுக்கே முத்திரை குத்தி ஆகிவிட்டது, சொன்னவர் தன்னை ஒரு படி மேலே ஏற்றிக்கொண்டும் ஆகிவிட்டது. இதில் குழந்தைத்தனம் வேறு. "அவளிடம் ஒரு குழந்தைத்தனம் இருக்கு" என்று ஆசையாகச் சொல்வோம், "சிறுபிள்ளைத்தனம் இருக்கு" என்று யாரும் ஆசையாகச் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நம் வழக்கில் இந்தக் குறையைச் சொல்ல எத்தனை படி இருக்கிறது என்று பாருங்கள். விவரம் பத்தாது என்றால், இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று அர்த்தம். பக்குவம் போதாது என்றால் காலம் ஆக வேண்டும், அவசரப்பட்டுப் பயனில்லை. விளையாட்டுப் பிள்ளை என்றால் கெட்டவன் இல்லை, பொறுப்பு இன்னும் தலையில் ஏறவில்லை. கத்துக்குட்டி என்றால் கற்கத் தொடங்கியிருக்கிறான், ஆனால் தெரிந்தது கொஞ்சம், பேசுவது நிறைய. அரைவேக்காடு என்றால் அது கடுமையான வசை, அதைச் சின்னப் பிள்ளைகளிடம் யாரும் சொல்ல மாட்டார்கள், வளர்ந்தவர்களுக்கென்றே வைத்திருப்பது. வெள்ளந்தி என்றால் சூது தெரியாத மனசு, அது குறையே இல்லை. இத்தனையையும் விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் இம்மெச்சூர் என்ற ஒரே சொல்லைப் போட்டால், எந்தக் குறை, எவ்வளவு குறை, சரியாகுமா ஆகாதா என்பதெல்லாம் போய்விடுகிறது. திட்டுவதாக இருந்தாலும் எதைத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்ட வேண்டும், அது எதிரே நிற்பவருக்கு நாம் கொடுக்கிற மரியாதை.

தொல்காப்பியத்தில் இளமைப் பெயர்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இதைச் சுவையாக எப்படிச் சொல்வது? (தமிழாசிரியை, திருச்சி)

தொல்காப்பியத்தின் கடைசி இயலான மரபியலின் தொடக்கத்தில் வருவது அது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்கள். எந்த உயிரின் குட்டிக்கு எந்தப் பெயர் என்று அடுத்தடுத்து வரிசையாக வரும். அதை அட்டவணை போட்டுக் கொடுத்தால் யாருக்கும் மண்டையில் நிற்காது. பதிலாக, அதில் இன்றைக்கு நமக்கு வியப்பாக இருக்கும் இடங்களை மட்டும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

முதலில் பிள்ளை. இன்று மனிதக் குழந்தைக்குத்தான் அந்தச் சொல் என்று நினைக்கிறோம். தொல்காப்பியம் மனிதருக்குக் குழவியும் மகவும் மட்டும்தான் உரியவை, மற்றவை ஆகாது என்கிறது! பிள்ளை பறவைக் குஞ்சுக்கும் ஊர்வனவற்றின் குட்டிக்கும் உரியது. பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் குட்டியையும் பிள்ளை எனலாம், நாயின் குட்டியை மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது. கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்ற பேச்சு இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கிழட்டுக் கீரியைப் பார்த்தாலும் கீரிப்பிள்ளை என்றுதான் சொல்கிறோம். இளமைப் பெயர் முழுப் பெயராகவே ஆகிவிட்டது.

அடுத்து ஓரறிவு உயிர்கள், அதாவது செடி கொடி மரங்கள். அவற்றின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று சொல்லலாம், ஆனால் நெல்லுக்கும் புல்லுக்கும் இது ஆகாது என்று ஒரு விலக்கு வருகிறது. தென்னம்பிள்ளை, மாங்கன்று, வாழைக்கன்று என்கிறோம், நெல்லை மட்டும் நாற்று என்கிறோம். நெற்கன்று என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும். தொல்காப்பியர் காலத்து விலக்கு அந்தப் பிள்ளைகளின் காதிலேயே இருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல். இதைச் சொல்லும்போது முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள்.

குருளை அழிந்துவிட்டதா? சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளைக் குருளையர் என்கிறார்கள், உங்கள் பள்ளியிலேயே இருக்கலாம். மறி செம்மறிக்குள் இருக்கிறது. பார்ப்பும் பறழும்தான் பாட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன, குறுந்தொகையில் ஆமைக் குஞ்சுக்கு யாமைப் பார்ப்பு என்று வரும்.

குட்டிதான் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. தொல்காப்பியத்தில் யானைக்குக் கன்று, குழவி என்ற பெயர்கள் உண்டு. இன்று செய்தித்தாளில் "தாயைப் பிரிந்த குட்டி யானை". சரக்கு ஏற்றும் சின்ன வண்டிக்கும் குட்டி யானை என்றுதான் பெயர். மொழி மாறுவது இயல்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் யானைக்கன்று என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்த உயிரின் மேல் வேறொரு மதிப்பு வருகிறது.

மாம்பிஞ்சு என்று சொல்லாமல் மாவடு என்று ஏன் சொல்கிறோம்? பிஞ்சும் வடுவும் ஒன்றில்லையா? (ஓர் இல்லத்தரசி, சென்னை)

பிஞ்சு பொதுச்சொல், வடு மாவுக்கு உரிய சொல். பலாவின் பிஞ்சு மூசு, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, வாழைக்குக் கச்சல், எள்ளுக்குக் கவ்வை, இளம்பாக்குக்கு நுழாய். தேவநேயப் பாவாணர் இவற்றையெல்லாம் திரட்டி எழுதியது பள்ளிப் பாடமாகவும் வந்திருக்கிறது. வடுவுக்கு உப்புப் போடுகிற நேரமும் முறையும் வேறு, கச்சலைப் பொரியல் செய்கிற பக்குவம் வேறு. அதனால்தான் பெயரும் வேறு வேறாக இருந்தது. கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து "முற்றல்" என்று ஒதுக்குகிறீர்களே, அந்தக் கை இருக்கும் வரை இந்தச் சொற்களில் சிலதாவது தப்பிக்கும்.

என் மகனுக்கு 17 வயது. பக்கத்து வீட்டுக்காரர் "விடலைப் பசங்க கூட்டம்" என்று திட்டினார். அகராதியில் பார்த்தால் வீரன், தலைவன் என்று போட்டிருக்கிறது. எது சரி? (ஒரு வாசகர், மதுரை)

இரண்டும் சரி. அகராதியில் இருப்பது பழைய பொருள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இன்றைய பொருள்.

சங்கப் பாடல்களில் விடலை என்றால் காலில் கழலும் கையில் வேலும் உள்ள இளைஞன். குறுந்தொகையில் ஔவையார் பாட்டு ஒன்று, அதில் தலைவி ஒருவனோடு போய்விட்டாள். அவனை "சேயிலை வெள்வேல் விடலை" என்று சொல்கிறார். ஊரை விட்டுக் காதலியோடு பாலை வழியில் போகிறவன் அவன், ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு துளி இழிவு கிடையாது. பாலை நிலத் தலைவனுக்கும் அந்தப் பெயர் உண்டு. பின்னால் வந்த பாட்டியல் நூல்கள், அதாவது இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்பவை, ஆணின் பருவங்களைப் பிரித்தபோது பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை என்று வரிசைப்படுத்தி, விடலைக்கு 30 வயது வரை கொடுத்தன. அப்படிப் பார்த்தால் உங்கள் மகன் அந்தப் பருவத்துக்குள் இப்போதுதான் காலெடுத்து வைக்கிறான்.

இன்று அந்தச் சொல் கீழே இறங்கிவிட்டது. விடலைப் பருவம் என்று மனநலம் எழுதுகிறவர்கள் நல்ல பொருளில் பயன்படுத்துகிறார்கள், ஆனால் தெருவில் அது தெருமுனையில் நிற்கிற, வண்டியை முறுக்குகிற பையன். சொல் இறங்கியதற்கு அந்தப் பையன்கள் காரணமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 17 வயதில் உடம்பில் பலம் இருக்கிறது, அதைக் காட்ட இடம் இல்லை. வேல் கொடுத்து வழிக்காவலுக்கு அனுப்பிய வயதில் நாம் அவனைக் காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன் என்று உட்கார வைத்திருக்கிறோம். நடுவில் அரை மணி நேரம் நண்பர்களோடு நின்றால் அது கூட்டம் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த பையனைக் கூட்டம் என்று திட்டுவது கஷ்டம்.

மகளுக்கு 12 வயது. போன மாதம் பூப்பெய்தினாள். வந்த உறவினர்கள் எல்லாம் "பெரிய மனுஷி ஆயிட்டே, இனிமே விளையாட்டுத்தனம் எல்லாம் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சைக்கிளை எடுக்கவே மாட்டேன் என்கிறாள், என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. இது சொல் பற்றிய கேள்வியா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். (ஒரு தாய், சேலம்)

இந்த இதழுக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான் அம்மா. இது சொல்லைப் பற்றிய கேள்வியும்கூட.

இந்த ஒரு நிகழ்வுக்கு நாம் எத்தனை பெயர் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். வயசுக்கு வந்துட்டா, ஆளாயிட்டா, சமைஞ்சுட்டா, பெரிய மனுஷி ஆயிட்டா, மெச்சூர் ஆயிட்டா. சில ஊர்களில் புத்தியறிஞ்சுட்டா என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்கள் சாமத்தியப்பட்டுட்டா, பெரியபிள்ளை ஆகிட்டா என்பார்கள். இவற்றில் ஏறக்குறைய எல்லாமே உடம்பில் நடந்ததை வைத்துக்கொண்டு ஆளே மாறிவிட்டதாகச் சொல்கின்றன. புத்தியறிதல் என்றால் நேற்று வரை புத்தி இல்லை, இன்று வந்துவிட்டது என்று ஆகிறது. உண்மையில் நடந்தது என்ன? ஹார்மோன் சுரந்து கருப்பையின் உட்சவ்வு முதல் முறையாக வெளியேறியிருக்கிறது. உங்கள் மகளுக்கு முந்தின நாள் இருந்த அதே புத்தி, அதே பயம், அதே விளையாட்டு ஆசைதான் மறுநாளும் இருந்திருக்கும். மனசு தன் கணக்கில் இன்னும் பல வருடம் எடுத்துக்கொண்டு வளரும்.

பையனுக்கு இதே வயதை ஒட்டி மகரக்கட்டு உடைகிறது, குரல் கரகரக்கிறது, மீசை அரும்புகிறது. யாராவது "பெரிய மனுஷன் ஆயிட்டே, இனிமே கிரிக்கெட் ஆடாதே" என்று சொன்னதுண்டா? குரலைக் கேட்டு இரண்டு நாள் கிண்டல் செய்வார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். பெண்ணுக்கு மட்டும் ஏன் ஒரே நாளில் பெரிய மனுஷிப் பட்டம் என்றால், அந்தப் பட்டத்துக்குப் பின்னால் கல்யாணம் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1929-ல் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணின் கல்யாண வயதை 14 ஆக்கினார்கள், அதுவே அன்றைக்குப் பெரிய சீர்திருத்தம், அதற்கே அத்தனை எதிர்ப்பு. 1949-ல் 15, 1978-ல் 18. இப்போது அமலில் இருக்கிற 2006 சட்டத்திலும் பெண்ணுக்கு 18தான். சட்டம் மூன்று படி ஏறிவிட்டது, நம் வாயிலிருக்கிற சொற்கள் மட்டும் 12 வயதிலேயே அவளைக் கல்யாணத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கின்றன.

சடங்கு நடத்தியதைக் குறை சொல்ல மாட்டேன், உறவுகள் கூடி உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து ஒரு பிள்ளையைக் கவனிப்பதில் அன்பு இருக்கிறது. அந்த அன்போடு சேர்த்துக் கொடுத்த தடைதான் வேண்டாம். வீட்டில் "பீரியட்ஸ் வந்திருக்கு" என்று சாதாரணமாகப் பேசுங்கள், அப்பாவும் கேட்கும்படியே பேசலாம். இனி யாராவது பெரிய மனுஷி என்றால், அவள் காதில் விழுகிற மாதிரி, "அவ சின்னப் பிள்ளைதான் அத்தை, உடம்பு வளருது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு இப்போது தேவை அந்த ஒரு வரி, அதுவும் உங்கள் வாயிலிருந்து. சைக்கிளை நீங்கள் எடுத்து ஓட்டுங்கள், அல்லது இரண்டு பேரும் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டாவது போய்வாருங்கள். அவளாக ஏறுவாள். பேசாமல் இருப்பதும் சாப்பிடாமல் இருப்பதும் நாள்கணக்கில் நீண்டால் மட்டும் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மருமகள் யாழ்ப்பாணத்துப் பெண். அவள் வீட்டில் என் பேத்தியை "பெட்டை" என்று கூப்பிடுகிறார்கள். கேட்கவே சகிக்கவில்லை. (ஒரு பாட்டி, சென்னை)

சகித்துக்கொள்ளுங்கள் அம்மா, அது கொஞ்சல். இங்கே பெட்டை என்றால் கோழி, நாய், கழுதை நினைவுக்கு வருகிறது. அங்கே பெடியன் என்றால் பையன், பெட்டை என்றால் பெண் பிள்ளை. பெடியள் என்று பன்மையில் சொல்வார்கள். 1980களில் போராளி இயக்கங்களில் சேர்ந்த இளைஞர்களையும் ஊர் அந்தப் பெயரால்தான் சொன்னது. நம் பிள்ளைகள் என்ற உரிமையும் கவலையும் சேர்ந்த சொல் அது. குஞ்சு, பிள்ளை என்றும் பேத்தியைக் கூப்பிடுவார்கள் பாருங்கள், வளர்ந்தவர்களையும்கூட "என்ன பிள்ளை" என்பார்கள்.

மாறாக, இங்கே குமரி மாவட்டத்தில் பெண் குழந்தையைக் குட்டி என்பது சாதாரணம். அதையே சென்னையில் முன்பின் தெரியாத இளம்பெண்ணிடம் சொன்னால் அடி விழும், விழவும் வேண்டும்.

பேதை என்றால் சிறுமியா, முட்டாளா? (ஒரு வாசகர், வேலூர்)

பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது பேதை, 5 முதல் 7 வயது வரை. அதற்குப் பிறகு பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். திருக்குறளில் பேதைமை ஓர் அதிகாரம், அங்கே பேதை என்பவர் கேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊதியத்தைப் போகவிடுகிற ஆள். ஒன்றில் உலகம் தெரியாத வயது, மற்றதில் தெரிய வேண்டிய வயதிலும் தெரியாத மனம். வள்ளுவர் அந்தக் குறளில் வயதே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 60 வயதிலும் பேதையாக இருக்கலாம். ஏழு வயதுக் குழந்தையைப் பேதை என்றால் அதில் பழி இல்லை. மடம் என்ற சொல்லிலும் இதே இரட்டை உண்டு, மடமான், மடநாரை என்றால் இளமையின் அழகு, மடமை என்றால் அறிவின்மை.

16 வயதுப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைச் செய்தியில் போடும்போது "இளம்பெண்" என்று போடுகிறார்கள். இது சரியா? (ஓர் ஆசிரியர், புதுச்சேரி)

சரியில்லை. சிறுமி என்றுதான் எழுத வேண்டும். 2012-ன் போக்சோ சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோருமே குழந்தைகள். இளம்பெண் என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் 22, 23 வயதுப் பெண் வந்து நிற்கிறாள், அடுத்து "அவளாகத்தான் போயிருப்பாள்" என்ற பேச்சு வருகிறது. "மைனர் பெண்ணுக்குத் திருமணம்" என்ற தலைப்பும் அப்படித்தான், குழந்தைத் திருமணம் என்று எழுதினால்தான் உறைக்கும்.

குற்றம் செய்த பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். 2015-ன் சிறார் நீதிச் சட்டம் இளம் குற்றவாளி என்ற பேச்சையே விட்டுவிட்டு, சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை என்று சொல்கிறது. நீளம்தான், ஆனால் காரணத்தோடு வைத்த நீளம். பெயரையும் படத்தையும் போடக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மைனர் என்றால் வயது வராதவர். பிறகு எங்கள் ஊரில் ஜிப்பாவும் செயினும் போட்டுக்கொண்டு திரிகிறவரை ஏன் மைனர் என்கிறார்கள்? (ஒரு வாசகர், ராமநாதபுரம்)

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், வெள்ளைக்கார அரசு சொத்தைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அமைப்பின் கையில் எடுத்துக்கொள்ளும். ராமநாதபுரத்தில் 1873-ல் சேதுபதி மன்னர் இறந்தபோது மகன் பாஸ்கர சேதுபதிக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. 1889-ல்தான் ஜமீன் அவர் கைக்கு வந்தது. அதுவரைக்கும் சட்டத்தின் கண்ணில் அவர் மைனர். 1875-ன் சட்டப்படி மற்றவர்களுக்கு 18 வயதில் முடிகிற மைனர் நிலை, இப்படிக் காப்பாளர் பொறுப்பில் இருந்தவர்களுக்கு 21 வரை நீண்டது. அந்த வேறுபாட்டை 1999-ல்தான் எடுத்தார்கள்.

சொத்து மலைபோல் இருக்கும், உழைக்கத் தேவையில்லை, சுற்றி ஆட்கள், வயதோ இளமை. அப்படிப்பட்ட பெரிய வீட்டுப் பிள்ளைகளை ஊர் மைனர் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வயதைக் குறித்த சட்டச் சொல் ஒரு நடை உடைக்குப் பெயராகிவிட்டது. 50 வயதிலும் மைனராக இருக்கலாம் என்பது தமிழில் மட்டும்தான். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பாஸ்கர சேதுபதியை அந்த வகையில் சேர்க்காதீர்கள். அவர் கடன்பட்டது கொடுத்துக் கொடுத்து. விவேகானந்தரின் 1893 சிகாகோ பயணத்துக்குத் துணை நின்றவர்களில் அவரும் ஒருவர்.

"பதின்பருவம்" நல்ல சொல்லா? (ஒரு வாசகி, ஈரோடு)

டீனேஜ் என்பதைப் பார்த்து ஆக்கிய சொல். கணக்கு முழுதும் ஒத்துவராது, பதினொன்றில் பதின் இருக்கிறது, பன்னிரண்டிலும் பத்தொன்பதிலும் இல்லை. ஆனாலும் நிலைத்துவிட்டது, படிக்கிறவருக்குப் புரிகிறது, விட்டுவிடலாம். அரசும் மருத்துவர்களும் எழுதுகிற வளரிளம் பருவம் எனக்கு இன்னும் பிடிக்கும், வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது அதிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதை 10 முதல் 19 வயது வரை என்று வரையறுக்கிறது. பேச்சில் "ரெண்டுங்கெட்டான் வயசு" என்போம், குழந்தையும் இல்லை பெரியவரும் இல்லை. அந்த வயதின் அவஸ்தையை இதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை, ஆனால் அந்த வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள், தன்னைத்தான் கெட்டது என்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

இளைஞி என்று எழுதலாமா? (ஒரு வாசகர், தருமபுரி)

எழுதுகிறார்கள், எழுதட்டும். நான் இளைஞர் என்றே எழுதுவேன். கவிஞர், அறிஞர், கலைஞர் போல அது இருபாலுக்கும் பொது. "இளைஞர்களும் பெண்களும்" என்று அழைப்பிதழில் போடுகிறார்களே, அதுதான் தப்பு. பெண்கள் இளைஞர்களில் சேர்த்தி இல்லையா?

எங்கள் ஊரில் கோயில் பக்கத்தில் உருண்டையாக ஒரு கல் கிடக்கிறது, இளவட்டக்கல் என்கிறார்கள். இளவட்டம் என்றால் என்ன? (பள்ளி மாணவர், திருநெல்வேலி)

ஊரின் வாலிபர் கூட்டம்தான் தம்பி இளவட்டம், இளந்தாரிகள் என்றும் சொல்வார்கள். அந்தக் கல்லைத் தூக்கித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடுகிறவன் கல்யாணத்துக்குத் தகுதியானவன் என்று தென்மாவட்டங்களில் ஒரு காலத்தில் பார்த்தார்கள். அதனால் கல்யாணக்கல் என்றும் அதற்குப் பெயர் உண்டு. வழுவழுப்பாக, பிடிமானம் இல்லாமல் இருப்பதால் வெறும் பலம் போதாது, முதலில் முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, அப்புறம்தான் தோளுக்கு. உங்கள் மாவட்டத்திலேயே வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இன்றைக்கும் போட்டி நடக்கிறது. அந்த ஊர்ப்பெயரில் இருக்கிற வடலி என்ன தெரியுமா, இளம் பனை. இதுவும் இந்த இதழுக்குப் பொருத்தமான சொல்தான்.

நீங்கள் இப்போது அந்தக் கல்லைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், முதுகுத் தண்டு இன்னும் வளர்கிற வயது. ஊரில் கடைசியாக அதைத் தூக்கியவர் யார் என்று பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.